ஏடிஎம் கார்டு யார் கையில்?



பெண் பூப்படைந்தால் ‘பெரிய மனுஷி ஆயிட்டா’ என்று பந்தல் போட்டு ஊரைக் கூட்டுகிறோம். மறுநாளிலிருந்து அந்தப் பெரிய மனுஷியைத் தனியாகக் கடைக்குக்கூட அனுப்புவதில்லை. அவள் கருப்பையைக் காவல் காப்பதில்தான் சாதி பிழைத்துக் கிடக்கிறது. சட்டமோ 18 வயதில் அவளை வயதுவந்தவள் என்கிறது. இடையில் உள்ள இந்த நான்கைந்து ஆண்டுகளில் கல்வி அவளுக்கு என்ன செய்கிறது?

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் திருமண நிதியுதவித் திட்டம் வந்தது. பெண்ணைப் படிக்க வைத்தால் கல்யாணத்துக்குப் பணம். பின்னாளில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. அதை நம்பிப் பெண்ணைப் பத்தாவது வரை அனுப்பிய குடும்பங்கள் உண்டு, குறைசொல்ல மாட்டேன். ஆனால் படிப்பு போய்ச் சேரும் இடம் மணமேடை என்றுதான் அதுவும் சொன்னது. 2022இல் அதை உயர்கல்வித் திட்டமாக மாற்றினார்கள். அதுதான் புதுமைப் பெண். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவள் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐடிஐயிலோ சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய், அவள் கணக்குக்கே. (தேவதாசி முறையை எதிர்த்து நின்றவரின் பெயருக்கு இதுதான் பொருத்தம்.)

ஆயிரம் ரூபாய் எந்த மூலைக்கு என்பார்கள். வீட்டில் காரணம் சொல்லாமல் ஒரு தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம், நேர்காணலுக்கு ஊர் தாண்டிப் போகலாம். அது சின்ன விஷயமா?

நான் அரசுக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். முதலாண்டு மாணவிகளிடம் கேட்டேன், கார்டு யாரிடம் இருக்கிறது என்று. பல பேர் வாய் திறக்கவில்லை. ஓடிபி அண்ணன் போனுக்குப் போகிறது. பின் நம்பர் அப்பாவுக்குத்தான் தெரியும். அவள் யாரோடு பேசுகிறாள் என்று வேவு பார்ப்பதும் அதே அண்ணன்தான். நாளை அவள் காதலித்தால் அரிவாள் எடுப்பவனும் அவனாக இருக்கலாம்.

அந்தப் பையன்களுக்கும் நாம் எதுவும் கற்றுத்தரவில்லை. நாங்குநேரியில் 2023இல் ஒரு தலித் மாணவனையும், தடுக்க வந்த தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவன் பள்ளி மாணவர்களே. பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, கையில் கட்டும் சாதிக் கயிற்றுக்குத் தடை கேட்டது. சரி, அவிழ்க்கலாம். சாதி இல்லாமல் ஆம்பளையாவது எப்படி என்று எந்தப் பாடவேளையில் சொல்லித்தருகிறோம்?

பள்ளியில் பெற்றோரைக் காப்பாளராக வைத்துத் தொடங்கிய கணக்கு என்றால், 18 நிறைந்ததும் வங்கி உங்களிடம் புதிதாகக் கையெழுத்து வாங்கும். அன்றைக்கு உங்கள் போன் எண்ணையே கொடுங்கள். மூத்த மாணவிகள் முதலாண்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ‘அப்பாவைக் கூட்டிட்டு வாம்மா’ என்று கவுண்டரில் சொன்னால், ‘தேவையில்லை சார், இவளுக்குப் பதினெட்டு ஆயிருச்சு’ என்று சொல்ல ஒருத்தி பக்கத்தில் நிற்க வேண்டும்.