முதியோர் நலமும் ஊர்ப் பாதையும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



கிணறு, சாலை, பள்ளிக்கூடம் ஆகியவை பற்றி நாம் பலமுறை கூடிப் பேசியிருக்கிறோம். இன்று நம் ஊர் முதியோரின் நடையைப் பற்றிச் சிந்திப்போம். இதுவும் ஊர் வளர்ச்சியைச் சேர்ந்ததே.

நாள் முழுவதும் வயலில் நடப்பவருக்கு நடைப்பயிற்சி எதற்கு என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. ஆனால், நிலத்தை மகனிடம் ஒப்படைத்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்த பின்னர் நிலைமை வேறாகிறது. இராயபுரத்தில் மூட்டை சுமந்தவருக்கும், காசிமேட்டில் வலை இழுத்தவருக்கும், திருவொற்றியூர் ஆலைகளில் பாடுபட்டவருக்கும் இதே கதிதான். உழைப்பு நின்றபின் தசைகள் சிறிது சிறிதாகத் தளர்கின்றன.

இலண்டன் மாநகரப் பஸ் ஊழியர்களை ஆராய்ந்த டாக்டர் ஜெரி மாரிஸ் குழுவினர் 1953-இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். அமர்ந்தே வேலை செய்த டிரைவர்களைவிட, மாடிப் பஸ்களில் படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது.

நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் இரத்தத்தை இதயத்தை நோக்கி மேலேற்றுகின்றன. இரத்தத்திலுள்ள சர்க்கரை செலவாகிறது. நாளடைவில் இரத்த அழுத்தம் தணிகிறது. காலில் வலுவிருந்தால் இடறி விழுவதும் குறையும். முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தால் படுத்த படுக்கையாகிவிடுவோர் பலர் அல்லவா?

வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியுள்ளது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி நேரம் நடந்தால் போதும். அதையும் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். அதுவே தக்க வேகம். நீரிழிவு உள்ளோர் செருப்பின்றி நடத்தலாகாது; வீடு திரும்பியதும் பாதங்களைப் பார்த்தல் வேண்டும். நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ கண்டால் நடையை நிறுத்தி உடனே மருத்துவரை நாடுதல் அவசியம்.

ஆனால், நடக்க இடம் எங்கே? 2001-இல் எண்ணூரில் புதிய துறைமுகம் தொடங்கியது. இன்று அது காமராசர் துறைமுகம் எனப்படுகிறது. அதனால் வேலையும் வாணிபமும் பெருகின. கூடவே கன்டெய்னர் லாரிகளும் பெருகின. புழுதிக்கும் லாரிகளுக்கும் அஞ்சி வீட்டோடு முடங்கிவிட்ட முதியோரை நாம் அறிவோம். அவர்களிடம் "நடவுங்கள்" என்று சொல்லிவிட்டால் நம் கடமை தீர்ந்துவிடாது.

2023 நவம்பரில் தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுத்து, "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தைத் தொடங்கியது. சிற்றூரில் அத்தனை நீளம் வேண்டுவதில்லை. லாரிச் சாலையைவிட்டு ஒதுங்கிய குளக்கரையோ, கோயில் வீதியோ, காலையில் பள்ளி மைதானமோ போதும். பள்ளங்களை மேவி, இருபுறமும் வேம்பும் புங்கனும் நட்டு, இளைப்பாற இரண்டு திண்ணைகளும் அந்தியில் எரிய விளக்கும் அமைத்தால் பாதை ஆயிற்று. புகையும் சாம்பலும் மிகுந்த நாளில் வீட்டு முற்றத்திலேயே நடக்கலாம்.

அடுத்த கிராம சபையில் இதற்கெனத் தீர்மானம் கொண்டு வாருங்கள். எந்த இடம் தகுதியானது என்பதை முதியோரிடமே கேளுங்கள். பெண்களையும் மறவாமல் கேளுங்கள். நமக்கு நடை பழக்கியவர்கள் அவர்கள். அவர்கள் அச்சமின்றி நடக்க ஒரு பாதை அமைப்பது நம் பொறுப்பாகும்.