செய்யாற்றில் ஒரு விசாரணை



ஒருவன் காலையில் கண் விழிக்கிறான். அன்றைக்கு அவனுக்கு முப்பதாவது பிறந்த நாள். வங்கியில் பெரிய உத்தியோகம், வாடகை அறையில் ஒண்டிக்கட்டை வாசம். தினமும் அந்த நேரத்துக்குப் பலகாரம் கொண்டுவரும் சமையற்கார அம்மாவைக் காணோம். முன்பின் பார்த்திராத ஒருவன் உள்ளே வந்து நிற்கிறான். அடுத்த அறையில் இன்னொருவன் உட்கார்ந்திருக்கிறான். உன்னைக் கைது செய்திருக்கிறோம் என்கிறார்கள். என்ன குற்றத்துக்கு? அதைச் சொல்ல அவர்களுக்கு உத்தரவில்லை. அவனுக்கு வந்த பலகாரத்தை அவர்களே தின்றுவிட்டு, காசு கொடுத்தால் எதிரில் இருக்கிற கடையிலிருந்து ஏதாவது வாங்கி வருகிறோம் என்கிறார்கள். உன் துணிமணிகளைக் கிடங்கில் ஒப்படைத்தால் களவு போய்விடும், எங்களிடமே கொடுத்து வை என்று வேறு கரிசனம்! அவன் தன்னை இன்னார் என்று காட்ட மேசை இழுப்பறையைக் குடைகிறான். முதலில் கைக்கு அகப்படுவது சைக்கிள் லைசென்ஸ்.

இப்படித் தொடங்குகிறது பிரான்ஸ் காஃப்காவின் 'விசாரணை' நாவல். பிராக் நகரத்தில் 1914இல் எழுதத் தொடங்கினார், முடிக்காமலே விட்டார். 1924இல், நாற்பது வயதில், காசநோயில் இறந்தார். எழுதி வைத்ததையெல்லாம் எரித்துவிடு என்று நண்பர் மாக்ஸ் பிராடிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நண்பர் எரிக்கவில்லை. மறு வருடமே நாவல் அச்சில் வந்தது. ஏ.வி. தனுஷ்கோடி அதை ஜெர்மன் மொழியிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்தார், க்ரியா வெளியிட்டது. வரலாறு இவ்வளவு போதும். எனக்குக் கதைக்குள் போக வேண்டும்.

நான் செய்யாற்றில் பத்திரம் எழுதுகிறவன். கிரயப் பத்திரம், தானப் பத்திரம், பாகப்பிரிவினை, இடையில் யாராவது கேட்டால் மனு. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் கூடிப் புத்தகம் படிக்கிறோம். ஓய்வு பெற்ற ஏட்டய்யா ஒருவர், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் சிஸ்டர் ஒருவர், அறிஞர் அண்ணா கலைக் கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், ஆரணிப் பக்கத்திலிருந்து வரும் பட்டு நெசவாளர் ஒருவர். எங்களில் யாரும் இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இல்லை. ஒரே விதிதான்: ஆளுக்குச் சில பக்கம் வாய்விட்டுப் படிக்க வேண்டும். அத்தியாயம் முடியும்வரை யாரும் விளக்கம் சொல்லக் கூடாது. சிரிக்கலாம்.

'விசாரணை'யை நான் முன்பே தனியாகப் படித்திருந்தேன். நெஞ்சை அடைத்தது. ராத்திரி விளக்கை அணைக்கவே மனம் வரவில்லை. அதனால்தான் ஏட்டய்யா முதல் அத்தியாயத்தைப் படித்தபோது நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. துணிமணியைக் கொடு என்று அந்த ஆட்கள் கேட்கும் இடத்தில் அவர் குரல் நடுங்க ஆரம்பித்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னா ரைட்டரே, இந்த ஆளு நம்ம ஊருக்கு எப்ப வந்துட்டுப் போனாரு?" என்றார். அவ்வளவுதான், எல்லோருக்கும் சிரிப்பு பீறிட்டுவிட்டது.

பிற்பாடுதான் ஒரு செய்தி தெரிந்தது. காஃப்காவே இந்த முதல் அத்தியாயத்தை நண்பர்கள் நடுவே வாசித்துக் காட்டியிருக்கிறார். நண்பர்கள் அடக்க முடியாமல் சிரித்தார்களாம். வாசித்தவருக்கும் சிரிப்பு தாங்காமல் அவ்வப்போது நிறுத்த வேண்டி வந்ததாம். பிராட் எழுதி வைத்திருக்கிறார். நேயர்களே, உலகமே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு படிக்கிற ஒரு புத்தகத்தை எழுதியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படித்திருக்கிறார்! இந்த நாவலின் சிரிப்பு நாலு பேர் நடுவில்தான் வெளியே வரும் என்று நான் சொல்வது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. அவர் நண்பர்கள் நடுவிலேயே நடந்ததுதான்.

எனக்கு மிகப் பிடித்த இடம் ஒன்று உண்டு. நேரம் போனாலும் அதைச் சொல்லாமல் விடமாட்டேன். யோசப் கா என்பது அவன் பெயர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விசாரணைக்கு வரச் சொல்லித் தொலைபேசியில் தகவல் வருகிறது. தெருவும் வீட்டு எண்ணும் சொல்கிறார்கள். எத்தனை மணிக்கு என்று சொல்லவில்லை. கோர்ட்டு என்றால் ஒன்பது மணிக்குத் தொடங்கும் என்று இவனே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு போகிறான். போய்ப் பார்த்தால் ஏழைபாழைகள் நெருக்கியடித்துக் குடியிருக்கும் பெரிய கட்டடம். விசாரணை எங்கே என்று கேட்க வெட்கம். லான்ஸ் என்ற தச்சர் இங்கே இருக்கிறாரா என்று பொய்யாக ஒரு பெயரைச் சொல்லிக் கதவு கதவாகத் தட்டுகிறான். அடுப்படியில் குழந்தையை இடுப்பில் வைத்திருக்கிற பெண்கள் பாவம், நிஜமாகவே யோசிக்கிறார்கள். வீட்டுக்குள் திரும்பிக் கேட்கிறார்கள். அந்தக் கோடியில் ஒரு தச்சர் இருந்தாரே என்று கூடவே வந்து காட்டுகிறார்கள். இப்படியே மாடி மாடியாக ஏறி ஐந்தாம் மாடிக்கு வந்துவிடுகிறான். அங்கே துணி துவைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடமும் அதே தச்சர் கேள்விதான். அவள் ஈரக் கையை நீட்டி அடுத்த அறையைக் காட்டுகிறாள். உள்ளே போனால் கூட்டமோ கூட்டம். மேலே பரணில் நிற்கிறவர்கள் கூரை இடிக்காமல் இருக்கத் தலைக்குத் தலையணை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நீதிபதி கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, ஒரு மணி ஐந்து நிமிடம் தாமதம் என்று கண்டிக்கிறார். நேரம் சொன்னால்தானே ஐயா தாமதம்? அடுத்த கேள்வி: நீ வீட்டுக்கு வர்ணம் அடிக்கிறவன்தானே?

இதைப் படித்தது கல்லூரிப் பிள்ளைகளில் ஒருத்தி. தச்சரைத் தேடும் வரிகளில் அவளால் நாலு வரி சேர்ந்தாற்போல் படிக்க முடியவில்லை. நான் சிரித்தது வேறு காரணத்துக்காக. ஒரு முறை என்னிடம் ஒரு பாட்டி வந்தார்கள். பட்டா பெயர் மாற்றத்துக்காக ஏதோ ஓர் அலுவலகத்தில் மேலே போ, கீழே போ என்று அலைக்கழிக்கப்பட்டுக் கடைசியில் என் மேசைக்கு வந்து சேர்ந்தவர்கள். ஆதார் அட்டை இருக்கிறதா பாட்டி என்றேன். சுருக்குப் பையைத் திறந்தார்கள். ரேஷன் கார்டு வந்தது, கேஸ் புத்தகம் வந்தது, பேரனின் தடுப்பூசி அட்டை வந்தது, யாருடைய கல்யாணத்துக்கோ எழுதின மொய்ச் சீட்டு வந்தது. ஒவ்வொன்றையும் நம்பிக்கையோடு மேசைமேல் எடுத்து வைத்தார்கள். யோசப் காவின் சைக்கிள் லைசென்ஸைப் படித்தபோது எனக்கு அந்தத் தடுப்பூசி அட்டைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

மனு எழுதுகிறவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். யோசப் காவின் வக்கீல் படுக்கையில் கிடந்தபடியே வழக்கை நடத்துகிறார். முதல் மனு தயாராகிக்கொண்டே இருக்கிறது, தாக்கலாகிறபாடில்லை. வெறுத்துப்போய், நானே எழுதிக்கொள்கிறேன் என்று கிளம்புகிறான். அப்போதுதான் சிக்கல் புரிகிறது. என்ன குற்றம் என்று தெரியாது. எதற்குப் பதில் எழுதுவது? பிறந்ததிலிருந்து செய்த சின்னக் காரியம் பெரிய காரியம் எல்லாவற்றையும் எழுதி ஒவ்வொன்றுக்கும் சமாதானம் சொல்ல வேண்டும். இப்படி ஒரு கட்சிக்காரர் வந்தால் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் எங்கள் தொழிலுக்கு நல்ல காலம்தான்! ஆனால் சிரித்து முடித்த பிறகு தொண்டையில் ஏதோ நிற்கிறது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் தாத்தா காலத்திலிருந்து வாழ்க்கையைச் சொல்லத் தொடங்குகிறவர்கள் என் மேசைக்கு எதிரில் தினமும் உட்காருகிறார்கள்.

செய்யாற்றுக்காரர்களுக்குக் காஃப்கா எப்படிப் பிடிபட்டார் என்று கேட்டால், என் பதில் ஒன்றே ஒன்றுதான்: கூத்து. எங்கள் பக்கம் அக்னி வசந்த விழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசி நாள் படுகளம். துரியோதனன் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு கர்ஜிக்கும்போது பக்கத்தில் கட்டியங்காரன் நின்று, யாரப்பா நீ, எந்த ஊர் என்று கேட்பான். திரௌபதியின் துகில் உரியும் ராத்திரியிலும் அவன் வாய் சும்மா இருக்காது. அழுகிற சனம் அழுதுகொண்டே சிரிக்கும். சிரித்ததால் துயரம் குறைந்துவிட்டது என்று யாரும் எழுந்து போனதில்லை. இந்த மண்ணில் வளர்ந்தவனுக்கு இருட்டையும் சிரிப்பையும் ஒரே பந்தலில் பார்ப்பது புதிதில்லை. செய்யாற்றுக்குப் பக்கத்திலிருக்கும் புரிசையில், கண்ணப்பத் தம்பிரான் வழிவந்த கூத்துக் குழு பிரெக்டின் காகேசிய வெண்கட்டி வட்டத்தையும், மார்க்வெஸ் எழுதிய, பிரம்மாண்டமான சிறகுகளோடு வந்து விழும் கிழவனின் கதையையும் ஆடியிருக்கிறது. கொலம்பியாக்காரர் எழுதிய கிழவன் எங்கள் பக்கத்து முகவீணைக்கு ஆடும்போது, பிராக் நகரத்துக்காரர் எழுதிய வங்கிக்காரன் எங்களோடு உட்கார்ந்து டீ குடிக்கக் கூடாதா?

ஒரு வாரம் நெசவாளர் அண்ணனால் வர முடியவில்லை. முகூர்த்த நேரம், சேலையை முடித்துக் கொடுத்தாக வேண்டும். சரி, நாமே போவோம் என்று அவர் வீட்டுக்குப் போனோம். அவர் குழித்தறியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருக்க, நாங்கள் சுற்றித் தரையில் உட்கார்ந்து படித்தோம். தறிச் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்துப் படிக்க வேண்டும். அன்றைக்கு வந்த பகுதி பிளாக் என்ற வியாபாரியின் கதை. பல வருடமாக வழக்கு நடத்தி ஓய்ந்துபோன மனிதர். வக்கீல் வீட்டிலேயே, வேலைக்காரிக்கான சின்ன அறையில் விழுந்து கிடக்கிறார், எப்போது கூப்பிடுவாரோ என்று. ஆனால் அந்த வக்கீலுக்குத் தெரியாமல் வெளியே இன்னும் ஐந்து வக்கீல் வைத்திருக்கிறார்! ஒருநாள் வக்கீலின் கட்டிலுக்கு முன்னால் மண்டியிட்டுக் கையை முத்தமிடுகிறார்.

நாடா ஓடுவது நின்றது. அண்ணன் பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு முதலாளிகிட்ட அட்வான்ஸ் வாங்கிக்கினு, அவருக்குத் தெரியாம இன்னொருத்தர் பாவை தறியில ஏத்தினா இதாங்க கதி. அட்வான்ஸும் தீராது, மூஞ்சியும் காட்ட முடியாது." பிறகு அவரே முதலில் சிரித்தார். பிளாக்கைப் பற்றி எத்தனையோ அறிஞர்கள் எழுதியிருப்பார்கள். எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

எல்லா இடத்திலும் சிரித்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். பலகாரம் தின்ற அந்த இரண்டு ஆட்களைப் பற்றி யோசப் கா விசாரணையில் புகார் சொல்லியிருந்தான். ஒரு சாயங்காலம் வங்கியில் தட்டுமுட்டு சாமான் போடும் அறையைத் திறக்கிறான். உள்ளே அந்த இருவரையும் ஒருவன் பிரம்பால் அடித்துக்கொண்டிருக்கிறான். இவன் புகாரால்தான் அடி. மறுநாள் அதே கதவைத் திறந்தால், நேற்று விட்ட இடத்திலேயே அவர்கள் அப்படியே நிற்கிறார்கள். இதைப் படித்தது சிஸ்டர். யாரும் சிரிக்கவில்லை. "இவன் கதவைச் சாத்திட்டுப் போறான் பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல" என்றார்கள். ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி பார்க்கிறவர்கள், கதவு சாத்துவது என்றால் என்ன என்று தெரிந்தவர்கள். அன்றைக்கு அதற்கு மேல் படிக்கவில்லை. என் கணிப்பில் இந்த நாவலின் முள் அந்த அத்தியாயம்தான். அதுவரை வேடிக்கை பார்த்த நம்மையும் அந்தக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

நேரமாகிவிட்டது. ஒரே மாதிரியான நிலக்காட்சிப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து விற்கும் ஓவியர், படியிலிருந்து வக்கீல்களை உருட்டிவிடும் கிழட்டு அதிகாரி, தேவாலயத்தில் பாதிரியார் சொல்லும் வாயிற்காவலன் கதை எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். முடிவையும் சொல்லப் போவதில்லை. ஏட்டய்யா மட்டும் அந்தக் கடைசி அத்தியாயத்தை இரண்டாம் முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

ஒரு வேண்டுகோள். நாலு பேர் சேருங்கள், ஐந்து பேரானாலும் சரி. வாய்விட்டுப் படிப்பவர் ஒருவர், கேட்பவர் மற்றவர். புத்தகத்துக்குக் காசில்லை என்று சொல்லாதீர்கள். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் கேளுங்கள், இல்லையென்றால் வாங்கித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இந்தியா குடியரசாவதற்கு முன்பே, 1948இல், பொது நூலகத்துக்கென்று சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. அப்படியும் யாராவது தயங்கினால், வீட்டில் இருக்கும் சொத்துவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று அதில் ஒரு தொகை இருக்கும். நீங்கள் கட்டிய பணம்தான் அது.