ஒரு நட்புப் போட்டி நாமளும் நடத்தலாமுங்க



பெண்களும் விளையாட்டும் என்ற தலைப்பில் என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க. என் பொண்ணு பள்ளிக்கூடத்தில் ஹேண்ட்பால் விளையாடுறாள். அவளால் நான் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

கைப்பந்துன்னா வாலிபால், எறிபந்துன்னா த்ரோபால். ஹேண்ட்பால் வேறங்க. ஒரு அணிக்கு ஏழு பேர், அதில் ஒருத்தர் கோல் கீப்பர். மைதானம் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். பந்தைக் கையால் வீசி கோலுக்குள்ள போடணும். கையில் பந்தை வச்சுக்கிட்டு மூணு எட்டுக்கு மேல போகக் கூடாது. மூணு விநாடிக்கு மேல சும்மா பிடிச்சு நிக்கவும் கூடாது. நம்ம குழுப் பணம் மாதிரிதான், ஒருத்தர் கையிலேயே தங்கக் கூடாது, சுத்திக்கிட்டே இருக்கணும்.

இந்த ஆட்டத்தில் நட்புப் போட்டின்னு ஒண்ணு இருக்குங்க. நார்வே நாட்டில் மோபெல்ரிங்கன் கோப்பைன்னு பல வருஷம் நடத்தினாங்க. பெரிய போட்டி வர்றதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, வெளிநாட்டுப் பெண்கள் அணிகளை விருந்துக்குக் கூப்பிடுற மாதிரி கூப்பிட்டு விளையாடுவாங்க. தோத்தாலும் பெரிய நஷ்டம் கிடையாது. நம்ம பலம் எது, குறை எதுன்னு தெரிஞ்சுக்கலாம். புதுசா வந்த பொண்ணை இறக்கிப் பார்க்கலாம். அப்படிப் பழகின நார்வே பெண்கள் 2008, 2012, 2024 மூணு ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கினாங்க. 2024-ல் கோல் காத்த கேத்ரின் லுண்டேவுக்கு வயசு 44, ஒரு குழந்தைக்குத் தாய்.

அது குளிர் தேசம், பணக்கார தேசம்னு நினைக்கலாம். நம்ம நாட்டுக்கே வருவோம். 2022-ல் கஜகஸ்தான் அல்மாட்டியில் நடந்த ஆசிய ஜூனியர் பெண்கள் போட்டியில் நம்ம இந்தியப் பிள்ளைங்க தாய்லாந்தை 41-18 கணக்கில் ஜெயிச்சு முதல் தடவையாக் கோப்பை வாங்கினாங்க. இமாச்சலப் பிரதேசத்தில் மோர்சிங்கின்னு ஒரு மலைக் கிராமம். அங்கே ஸ்நேகலதா என்ற முன்னாள் வீராங்கனை, பொண்ணுங்களைத் தன் வீட்டிலேயே தங்க வச்சு ஹேண்ட்பால் சொல்லிக் கொடுத்தாங்க. அந்த ஊரிலிருந்து பல பேர் இந்திய அணிக்குப் போயிருக்காங்க. அதுவும் நம்மளை மாதிரி மலைதானுங்களே!

நம்ம பிள்ளைங்க ஏழாவது, எட்டாவது வரைக்கும் மான் மாதிரி ஓடுறாங்க. வயசுக்கு வந்ததும் பந்து நின்னு போயிடுது. கேட்டா ரெண்டு காரணம் சொல்றோம்.

முதல் காரணம், உடுப்பு. 2021-ல் பல்கேரியாவில் நடந்த கடற்கரை ஹேண்ட்பால் போட்டியில் நார்வே பெண்கள், விதிப்படி இருந்த சின்ன உடுப்பு வேண்டாம்னு கொஞ்சம் பெரிய ஷார்ட்ஸ் போட்டு இறங்கினாங்க. அதுக்கு 1500 யூரோ அபராதம் போட்டாங்க. உலகம் முழுக்கக் கேள்வி கேட்டதும் அந்த வருஷமே விதியை மாத்தினாங்க. 2024 டிசம்பரில் டெல்லியில் ஆசியப் பெண்கள் போட்டி நடந்துச்சு. அதுக்கு வந்த ஈரான் பெண்கள் தலையை மூடி, முழுக்கை, முழுக்கால் உடுப்போடதான் விளையாடினாங்க. அங்கே குறைச்சுப் போடச் சொன்னாங்க, இங்கே ஊர் பார்க்கும்னு சொல்றோம். எது வசதின்னு விளையாடுற பிள்ளையைத்தான் கேட்கணும். முழுக்கால் டிராக் பேண்ட் போட்டும் ஓடலாமுங்க.

ரெண்டாவது காரணம், பயம். இதை நான் லேசாச் சொல்ல மாட்டேன். சாயங்காலம் ஆனா தேயிலைக் காட்டு வழியில் சிறுத்தை, யானை. பஸ்ஸை விட்டா பிள்ளை எப்படி வீடு சேரும்னு எனக்கும் வயித்தில் புளியைக் கரைக்கும். அதுக்காகப் பந்தைப் பிடுங்க வேண்டாம், நேரத்தை மாத்துவோம். இருட்டுக்கு முன்னாடி பயிற்சி முடியணும்னு எல்லாத் தாய்மாரும் சேர்ந்து பள்ளிக்கூடத்தில் கேட்போம். ஒரு தாய் கேட்டா வேண்டுகோள், கூட்டமைப்பு கேட்டா தீர்மானம். பிள்ளைங்களைக் கூட்டி வர ரெண்டு ரெண்டு பேரா முறை வச்சுக்குவோம். மாசக் கூட்டத்துக்கு முறை போடுறவங்களுக்கு இது பெரிய வேலை இல்லை.

இன்னிக்கு என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணுதான். வர்ற மே மாசம், மழை பிடிக்கும் முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழமை பகலில் எஸ்டேட் பிள்ளைங்களுக்குள்ள ஒரு நட்புப் போட்டி வைப்போம். சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டு, மூங்கிலில் கோல் கம்பம் நட்டு, ஒரு பந்து வாங்கினாப் போதும். பத்தாவது முடிச்சு விளையாட்டை விட்ட பிள்ளைங்களையும் கூப்பிடுவோம். யார் ஜெயிச்சாலும் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. கைதட்ட நாம எல்லாரும் போய் நிக்கணும். அம்மா வந்து பார்த்தாங்கற நினைப்பே அந்தப் பிள்ளையை அடுத்த வருஷமும் மைதானத்துக்குக் கொண்டு வரும்.

இதைத் தீர்மானமா எழுதி அடுத்த கூட்டத்தில் வைக்கணும்னு தலைவி அவர்களைக் கேட்டுக்கிறேன்.