பிரேக் பெடல் கல்லாக இறுகினால்



வாழைக்கு உரமும் நெல்லுக்கு மருந்தும் சொல்ல வேண்டியவர், பிரேக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று நினைக்க வேண்டாம். நாசரேத், குரும்பூர், ஏரல், ஆழ்வார்திருநகரிப் பக்கம் விளைகிற வாழைத்தாரும் இலைக்கட்டும் சந்தைக்குப் போவது சக்கரத்தின் மேல்தான். மாதக்கணக்கில் பாடுபட்டு வெட்டிய தாரை ஏற்றிக்கொண்டு போகிறோம். திருச்செந்தூர் சாலையில் ஒரு மாடு குறுக்கே பாய்கிறது. வண்டி நிற்கவில்லை என்றால் போவது தார் மட்டுமா?

"பிரேக் பிடிக்குது ஐயா, ஆனா பெடல் கல்லு மாதிரி இருக்கு, ஏறி மிதிக்க வேண்டியிருக்கு" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இது பெரும்பாலும் பூஸ்டரில் வாக்குவம் குறைவதன் அடையாளம். கார், ஜீப், நாம் குட்டி யானை என்று சொல்கிற சிறு சரக்கு வண்டி ஆகியவற்றில் பெரும்பாலும் இந்தப் பூஸ்டர் உண்டு. பெரிய லாரியில் இருப்பது அழுத்தக் காற்று பிரேக்; அது வேறு சங்கதி.

பூஸ்டர் எப்படி வேலை செய்கிறது? உங்கள் கிணற்று பம்பு செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பம்பு தண்ணீரை இழுக்கிறது என்கிறோம். உண்மையில் பம்பு சக்ஷன் குழாயில் காற்றைக் குறைக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளிவிடுகிறது. பூஸ்டரிலும் அதே கதைதான். தகர டப்பா போன்ற அதற்குள்ளே டயாப்ரம் என்ற ரப்பர்த் திரை இருக்கிறது. திரையின் முன்பக்கத்துக் காற்றை எஞ்சின் உறிஞ்சிவிடும். பெடலை மிதித்ததும் பின்பக்கம் வெளிக்காற்று நுழைந்து திரையை முன்னே தள்ளும். 9 அங்குல விட்டமுள்ள திரைக்குப் பரப்பு ஏறத்தாழ 63 சதுர அங்குலம். வாக்குவம் 20 அங்குலப் பாதரச அளவு இருந்தால், சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு வீதம் 600 பவுண்டுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 280 கிலோ, உங்கள் காலுக்குத் துணையாகச் சேரும். இந்தத் துணை போனால்தான் பெடல் கல்லாகிறது. பெல்ஜியத்து எஞ்சினியர் ஆல்பர்ட் டெவான்டர் 1920-களில் உருவாக்கிய ஏற்பாடு, இன்றும் அடிப்படை மாறாமல் நடந்துவருகிறது.

பெட்ரோல் வண்டியில் வாக்குவம் எஞ்சினின் இன்டேக் மேனிபோல்டிலிருந்து வருகிறது. டீசல் எஞ்சினில் அப்படிப் போதுமான வாக்குவம் கிடைக்காது. அதற்குத் தனி வாக்குவம் பம்பு வைத்திருப்பார்கள். பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கும். குழாயில் உள்ள செக் வால்வு நம் ஃபுட் வால்வு மாதிரி. உறிஞ்சியது திரும்பி வராமல் காக்கும்.

இனிப் பரிசோதனைக்கு வருவோம். சமதரையில் வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். மூன்று சோதனைகள் போதும்.

ஒண்ணு: எஞ்சினை அணைத்து, பெடல் கெட்டியாகும்வரை ஐந்தாறு தடவை மிதியுங்கள். காலை எடுக்காமல் அழுத்தியபடியே எஞ்சினைக் கிளப்புங்கள். பெடல் தானாகக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லையா? வாக்குவம் வரவில்லை, அல்லது பூஸ்டர் கெட்டிருக்கிறது.

ரெண்டு: எஞ்சினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மிதியுங்கள். முதல் மிதி மெத்தென்று இறங்கி, அடுத்தடுத்த மிதி உயர்ந்துகொண்டே வர வேண்டும். முதல் மிதியே இறுகியிருந்தால், சேர்த்துவைத்த வாக்குவம் கசிந்துவிட்டது. முதலில் செக் வால்வைச் சந்தேகப்படுங்கள்.

மூணு: எஞ்சின் ஓடும்போது பெடலை அழுத்தி, அப்படியே எஞ்சினை அணைத்து அரை நிமிடம் பிடித்திருங்கள். பெடல் அசையக் கூடாது. காலைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தால் பூஸ்டரில் கசிவு. கீழே அமுங்கிப் போனால் அது பூஸ்டர் கோளாறே அல்ல. மாஸ்டர் சிலிண்டரையோ பிரேக் ஆயில் கசிவையோ பார்க்க வேண்டும். பஞ்சு போல் அமுங்கினால் ஆயிலில் காற்று புகுந்திருக்கும்.

கோளாறு எந்த இடம் என்று எப்படிப் பிரிப்பது? எஞ்சினை அணைத்துப் பெடலை நாலைந்து முறை மிதித்துவிட்டு, பூஸ்டரிலிருந்து குழாயை வால்வோடு மெதுவாகக் கழற்றுங்கள். இன்னொருவர் எஞ்சினைக் கிளப்பட்டும். விசிறிப் பக்கம் கையும் வேட்டியும் போகக் கூடாது. குழாய் முனையைப் பெருவிரலால் அடைத்தால் விரலைக் கவ்வ வேண்டும். கவ்வினால் வாக்குவம் வருகிறது, குறை பூஸ்டரில். கவ்வவில்லை என்றால் குறை குழாயிலோ, வால்விலோ, பம்பிலோ இருக்கிறது. வால்வைத் தனியே எடுத்து ஊதிப் பாருங்கள். பூஸ்டர் பக்கமிருந்து ஊதினால் காற்று போக வேண்டும். எஞ்சின் பக்கமிருந்து ஊதினால் போகக் கூடாது.

குழாயை முழு நீளமும் தடவிப் பாருங்கள். எஞ்சின் சூட்டில் ரப்பர் வெடித்திருக்கும். வைக்கோலும் தாரும் கிடக்கும் கொட்டகையில் வண்டியை விட்டால் எலியும் கடித்துவைக்கும். அந்த இடத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கம்பி கட்டுவதோ, தண்ணீர்க் குழாயை மாட்டுவதோ வேண்டாம். உறிஞ்சும்போது அது ஒட்டிக்கொள்ளும். வாக்குவத்துக்கென்றே வரும் தடித்த குழாயை வாங்கிப் போடுங்கள். குழாய்க்குள் எஞ்சின் ஆயில் தெரிந்தால் வாக்குவம் பம்பைப் பாருங்கள். வெளியே ஈரமே இல்லாமல் பிரேக் ஆயில் குறைந்துகொண்டே வந்தால், அது பூஸ்டருக்குள் இறங்கலாம். இரண்டுமே டயாப்ரத்தைக் கெடுக்கும். பூஸ்டரை வீட்டில் பிரிக்க வேண்டாம்; உள்ளே பலமான ஸ்பிரிங் இருக்கிறது. மெக்கானிக்கிடம் கொடுத்து முழுசாக மாற்றுவதே நல்லது.

கடைசியாக, உயிர் காக்கும் விஷயம். செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்குத் தார் கொண்டுபோகிறவர்கள் மலை இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டுவதுண்டு. எஞ்சின் நின்றால் பூஸ்டரில் மிஞ்சுவது இரண்டு மூன்று மிதிக்கான துணைதான். அடுத்த வளைவில் பெடல் கல்லாக நிற்கும். மிச்சம் பிடித்த டீசல் அப்போது உதவாது. ஓட்டத்தில் பெடல் இறுகிவிட்டால் பதற வேண்டாம். பிரேக் அடியோடு போய்விடவில்லை. விட்டுவிட்டு மிதித்து மீதமுள்ள வாக்குவத்தைச் செலவழிக்காமல், இரண்டு காலாலும் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். கியரைக் குறைத்துக்கொண்டே வந்து ஓரங்கட்டுங்கள். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைக்காதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம்.

இந்த மூன்று சோதனைக்கும் ஸ்பானர் வேண்டாம், காசு வேண்டாம், பத்து நிமிடம் போதும். தார் வெட்டுக்கு முந்தின நாள் கத்தியைத் தீட்டிவைக்கிறீர்கள் அல்லவா? அன்றைக்கே பெடலையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள். ஓட்டுநர் வேறு ஆளாக இருந்தால் அவருக்கும் சொல்லிக்கொடுங்கள்.