சுழற்றவும் நிறுத்தவும்

அமெரிக்க எரிசக்தித் துறை 2014-ஆம் ஆண்டு லாஸ் வேகஸ் நகரில் பத்துப் பல்கலைக்கழக அணிகளைக் கொண்டு தொடங்கிய காற்றாற்றல் போட்டி, பொறியியல் பட்டம் பெற்று வெளியேறும் தலைமுறைக்கு எடுத்துச்சொல்லத்தக்க பல செய்திகளைக் கொண்டது. அதில் பங்கேற்கும் அணி சிறிய காற்றாலை ஒன்றை வடிவமைத்து, கட்டி, விரும்பிய வேகத்தில் காற்றைச் செலுத்திச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் இயக்கிக் காட்ட வேண்டும். அத்துடன், உண்மையான இடம் ஒன்றில் காற்றாலைப் பண்ணை அமைக்கும் திட்டத்தையும் செலவுக் கணக்கோடு வகுத்தளிக்க வேண்டும்.

சுழலி, அதாவது இறகுகள் பொருந்திய சக்கரம், 45 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும் என்பது அப்போட்டியில் பல்லாண்டுகளாக நிலவும் விதி. காற்றின் திறன் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், இந்த அளவுள்ள சுழலியின் பரப்பைக் கடக்கும் காற்றில் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 12 வாட் திறனும், 11 மீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 127 வாட் திறனும் இருக்கும். ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் 1920-இல் வெளியிட்ட கணக்கின்படி அதில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்தச் சுழலியாலும் எடுக்க முடியாது. காற்றை முழுவதுமாகத் தடுத்துவிட்டால் அது சுழலியைச் சுற்றிக்கொண்டு விலகிப் போய்விடும் என்பதே இதற்குக் காரணம். ஆக, ஓராண்டு உழைப்பின் பயன் குறைந்த வேகத்தில் 7 வாட்டுக்கும் உயர்ந்த வேகத்தில் 75 வாட்டுக்கும் உட்பட்டதே.

அந்தச் சில வாட்டுகளும் எளிதில் கைக்கு வருவதில்லை. பெரிய காற்றாலை இறகின் வடிவத்தை அப்படியே சுருக்கி அச்சிட்டால், காற்றின் சடத்துவத்துக்கும் பாகுத்தன்மைக்கும் உள்ள விகிதமாகிய ரெனால்ட்ஸ் எண் பல மடங்கு தாழ்ந்துவிடுவதால், இறகின் மேற்பரப்பை ஒட்டிச் செல்ல வேண்டிய காற்று பாதியிலேயே பிரிந்து, உந்துதல் குன்றிவிடுகிறது. மின்னாக்கியிலுள்ள நிலைகாந்தங்கள் இரும்புப் பற்களைப் பற்றி இழுத்துக்கொண்டிருப்பதால், மெல்லிய காற்றில் சுழலி அசையவே மறுப்பதும் உண்டு. அதைத் தவிர்க்கும் பொருட்டு, இரும்பு உள்ளகமே இல்லாத மின்னாக்கிக்குச் செப்புக் கம்பியைக் கையால் சுற்றி அமைக்கும் வழியும் இருக்கிறது. ஆயத்த மின்னாக்கியை வாங்கிப் பொருத்தும் எளிமையை விட்டுக்கொடுத்துப் பெறும் அந்த அறிவு, எந்தப் பாடநூலும் தராதது.

ஆயினும் அப்போட்டியின் மிகச் சிறந்த பகுதி, மின்னாக்கத்தைவிட நிறுத்தத்தைச் சோதிக்கும் பகுதியே ஆகும். ஓடிக்கொண்டிருக்கும் காற்றாலையின் நிறுத்து பொத்தானை அழுத்தினாலோ, மின்சுமைக்குச் செல்லும் கம்பியைத் துண்டித்தாலோ, பத்து விநாடிக்குள் சுழலியின் வேகம் அதன் உச்ச அளவில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்க வேண்டும். நிலைமை சீரானதும் அது தானாகவே மீண்டும் சுழலத் தொடங்க வேண்டும். சுமை துண்டிக்கப்பட்ட கணத்தில் மின்னாக்கியின் எதிர்விசை மறைந்து, சுழலி கட்டுமீறி வேகமெடுக்கிறது. மின்கலம் வைத்துக்கொள்ள விதி இடந்தராததால், தடுப்பதற்கு வேண்டிய ஆற்றலையும் மின்தேக்கியில் தங்கியிருக்கும் சிறிதளவிலிருந்தோ சுழற்சியிலிருந்தோதான் எடுக்க வேண்டியிருக்கிறது. மின்னாக்கியின் முனைகளைக் குறுக்கே இணைத்து அதன் எதிர்விசையாலேயே நிறுத்தலாம் என்றால், கடுங்காற்றில் அந்த விசை போதாமல் கம்பிச்சுருள் சூடேறக்கூடும். சிறு மோட்டாரால் இறகுகளைத் திருப்பிக் காற்றுக்கு விளிம்பைக் காட்டச் செய்யலாம் என்றால், நின்றபின் அவற்றைப் பழைய நிலைக்குத் திருப்ப மின்சாரம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி எழுகிறது. நிறுத்தும் ஏற்பாட்டைக் கடைசி மாதத்துக்கு ஒத்திவைக்கும் அணி, இறகின் அடிப்பகுதி முதல் கட்டுப்பாட்டு நிரலின் கடைசி வரி வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிடும். ஓர் இயந்திரத்தைப் பற்றி முதல் நாளிலேயே கேட்க வேண்டிய ‘இதை எப்படி நிறுத்துவது?’ என்ற கேள்வியை மாணவர்கள் கேட்டே தீரும்படி விதியாக எழுதி வைத்தவர்கள் மதிப்புக்குரியவர்கள்.

இக்கேள்விக்கு விடை எந்த ஒரு துறையின் வகுப்பறைக்குள்ளும் கிடைப்பதில்லை. இறகின் திருப்புக்கோணத்தை இயந்திரவியல் மாணவர் முடிவு செய்தால், அந்தக் கோணத்தில் கிடைக்கும் மின்னழுத்தம் தம் நுண்கட்டுப்படுத்தியை விழித்திருக்கச் செய்யுமா என்பதை மின்னியல் மாணவர் சொல்ல வேண்டும். அவர்கள் ஒரே மேசையில் உட்காராத வாரங்களில்தான் பெரும் பிழைகள் முளைக்கின்றன. பண்ணைத் திட்டம் வகுப்போருக்கும் இதே நிலைதான். காற்று நன்றாக வீசும் மேட்டில் மின்கடத்துத் தடமோ, கனரக இறகுகளைக் கொண்டுசெல்லும் சாலையோ, நிலத்துக்கு உரியவர்களின் இசைவோ இல்லையெனில், அந்தக் காற்று கணக்கில் மட்டுமே இருக்கும்.

மாணவர் அணிக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு: அதன் மூத்தவர்கள் ஆண்டுதோறும் பட்டம் பெற்றுப் போய்விடுகிறார்கள். அழகாக மெருகேற்றிய சுழலி கண்ணாடிப் பேழையில் அப்படியே இருக்கும். ஆனால் எந்த நிறக் கம்பி எந்த முனைக்குச் செல்கிறது, மூன்றாம் இறகு ஏன் அடிப்பகுதியில் வெடித்தது, நிரலில் அந்தத் தாமத அளவு எதற்காக இடப்பட்டது என்பவை, அறிந்தவரோடு வெளியேறிவிடும். இன்று பட்டம் பெறுவோருள் இத்தகைய அணிகளில் உழைத்தவர்கள், உடைந்த இறகையும் தோற்ற சோதனையின் அளவீடுகளையும் சேர்த்துக் குறிப்பெழுதி முடிக்காதிருப்பின், ஊருக்குப் புறப்படும் முன் ஆய்வகத்தில் சில நாள் உட்கார்ந்து அதை முடித்துக் கொடுக்கலாம். பொறுப்பேற்கும் இளையவர்களையும் அப்போது உடன் வைத்துக்கொண்டால், எழுத்தில் விளங்காததை அவர்கள் அங்கேயே கேட்டுத் தெளிந்துகொள்வார்கள்.