தட்டையான மூடி ஏன் பறக்கிறது?

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருவொற்றியூர் பகுதியில் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். எனக்குத் தரப்பட்ட தலைப்பு, 'எளிய பொருள்களால் அறிவியல்'. நான் எடுத்துவந்திருக்கும் எளிய பொருள் இதுதான்: 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டின் மூடி. இதை வைத்து நான் சரியாகப் பாடம் நடத்திய கதையைச் சொல்ல வரவில்லை. தவறாக நடத்திய கதையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

எங்கள் பிள்ளைகள் வட்டத்தட்டுகளோடு வளர்ந்தவர்கள். ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் மாலையில் நடந்தால், தெருவிளக்கின் கீழே கேரம் பலகையைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் கேரம் உலகச் சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர். ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது, காய் 5 முதல் 5.5 கிராம் இருக்க வேண்டும் என்ற விதியை எழுத்துக் கூட்டிப் படிக்கும் பையன்கூடச் சொல்வான். விளிம்பு தேய்ந்த ஸ்ட்ரைக்கரைத் தொட்டுப் பார்த்தே ஒதுக்கிவிடுவான். பொருளின் எடை, வடிவம், தேய்மானம் ஆகியவை இயக்கத்தை மாற்றும் என்பது அவர்களுக்குக் கைப்பழக்கமாகத் தெரிந்த அறிவியல்.

ஒன்பதாம் வகுப்பில் 'பாய்மங்கள்' பாடம் நடத்தும்போது பறத்தல் பற்றியும் சொன்னேன். பலரும் சொல்லும் விளக்கத்தையே நானும் சொன்னேன். 'இறக்கையின் மேற்புறம் வளைந்திருக்கிறது. மேலே போகும் காற்றுக்கு நீண்ட பாதை. கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதால் அது வேகமாகப் போகிறது. அதனால் மேலே அழுத்தம் குறைகிறது' என்றேன். கரும்பலகையில் அழகாகப் படமும் வரைந்தேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். மீனவக் குப்பத்துப் பெண். வகுப்பில் வாயே திறக்காதவள். தேர்ச்சிப் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே 'கூடுதல் முயற்சி தேவை' என்று எழுதியிருந்தவள் நான்தான்.

"மிஸ், நாங்க பெயின்ட் மூடிய வுட்டு விளையாடுவோம். அது மேல தட்டையாத்தான இருக்குது. அப்புறம் எப்டி மிஸ் பறக்குது?"

என்னிடம் பதில் இல்லை. இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. "பரீட்சைக்கு அதெல்லாம் வராதும்மா, உட்காரு" என்றேன். அவள் உட்கார்ந்தாள். அடுத்த 10 நாள்கள் எதுவும் கேட்கவில்லை. அந்த 10 நாள்களும் அந்தக் கேள்வி என்னோடு பேருந்தில் வந்தது, சமையலறையிலும் நின்றது.

படித்துப் பார்த்தபோதுதான் என் விளக்கமே தவறு என்று தெரிந்தது. மேலே போகும் காற்றும் கீழே போகும் காற்றும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வீசிய மூடி முன்விளிம்பைச் சற்றே உயர்த்திக்கொண்டு போகிறது. எதிரே வரும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. அது காற்றைக் கீழே தள்ளக் காற்று அதை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிதான். மேற்புறம் சற்றுக் குவிந்திருந்தால் காற்று அந்த வளைவைத் தழுவி இன்னும் நன்றாகக் கீழே திரும்பும். அவ்வளவே. தட்டையாக இருந்தாலும் பறக்கும்.

மறுநாள் வகுப்பில், "நான் சொன்னது தப்பு. இவள் கேட்டதுதான் சரியான கேள்வி" என்றேன். 19 ஆண்டுப் பணியில் அப்படிச் சொன்னது அதுவே முதல்முறை. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. வகுப்பு முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. பிறகு எல்லோரும் மைதானத்துக்குப் போனோம்.

அங்கே செய்த மூன்று சோதனைகளை உங்களுக்குச் சொல்கிறேன். செலவு கிடையாது. ஆனால் ஒரு விதி உண்டு: எல்லோரும் ஒரே பக்கம் நின்று, ஆளில்லாத திசையில்தான் வீச வேண்டும்.

முதல் சோதனை, விளிம்பு. ஒரே அளவில் ஓர் அட்டை வட்டமும் ஒரு மூடியும் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையை வீசினால் சில அடிகளிலேயே ஒரு பக்கம் சாய்ந்து விழும். மூடி நேராகப் போகும். காரணம் இது: காற்றின் தூக்குவிசை தட்டின் நடுப்புள்ளியில் செயல்படுவதில்லை, தட்டையான வட்டத்தில் நடுவுக்கு வெகு முன்னால் செயல்படுகிறது. அது மூக்கைத் தூக்கப் பார்க்கிறது. மூடியின் கீழே மடிந்த ஆழமான விளிம்பு அந்தப் புள்ளியை நடுவுக்கு அருகில் கொண்டுவருகிறது. திருப்பும் விளைவு குறைகிறது.

மூக்கைத் தூக்கினால் தட்டு பின்னால்தானே கவிழ வேண்டும், ஏன் பக்கவாட்டில் சாய்கிறது? பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சாய்ந்த பம்பரம் உடனே விழாது, தலையைச் சுற்றும். சுழலும் பொருளுக்குக் கொடுக்கும் திருப்பம் 90 பாகை தள்ளி வெளிப்படும். வலக்கையால் வழக்கமான முறையில் வீசினால் தட்டு, மேலிருந்து பார்க்கும்போது, கடிகாரத் திசையில் சுழலும். அப்போது மூக்கைத் தூக்கும் விசை தட்டை இடப்பக்கம் சாய்க்கும். மூக்கை அமுக்கும் விசை வலப்பக்கம் சாய்க்கும்.

இரண்டாவது சோதனை, எடை எங்கே இருக்கிறது என்பது. ஒரே மாதிரி இரண்டு மூடிகள், சம எடையில் களிமண். ஒன்றில் களிமண்ணை உள்விளிம்பைச் சுற்றி ஒட்டுங்கள், மற்றதில் நடுவில் ஒட்டுங்கள். மேலே டேப் போடுங்கள். மொத்த எடை ஒன்றுதான், ஆனால் விளிம்பில் எடையுள்ள மூடி ஆடாமல் போகும். ஒரே நிறையும் ஒரே ஆரமும் கொண்ட வளையத்தின் நிலைமத் திருப்புத்திறன் சீரான தட்டைப் போல இருமடங்கு. மேல்நிலை வகுப்பில் சூத்திரமாக வருவதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கையால் உணர்ந்துவிடுகிறாள்.

மூன்றாவது சோதனை, காற்று. இது நான் திட்டமிட்டதல்ல, அதே மாணவி சொன்னது. "காலைல நேரா போவுது மிஸ். மத்தியானம் கடலப் பாத்து வுட்டா வலப்பக்கம் கவுந்துக்குது." கொண்டல் எப்போது வரும், கச்சான் எப்போது திரும்பும் என்று அப்பாவிடம் கேட்டு வளர்ந்த பிள்ளை. பிற்பகலில் கிழக்கே பார்த்து வீசினால் கடற்காற்று எதிர்க்காற்று. கணக்குப் போட்டோம். மூடியின் வேகம் நொடிக்கு 15 மீட்டர், காற்றின் வேகம் 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எதிர்க்காற்றில் மூடி உணரும் வேகம் 20, பின்காற்றில் 10. விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. காற்றில்லாதபோது 225, எதிர்க்காற்றில் 400, பின்காற்றில் 100. மூடி உணரும் வேகம் கூடும்போது தூக்குவிசையின் புள்ளி நடுவுக்குப் பின்னால் போகலாம். மூக்கு அமுங்கும், மூடி வலப்பக்கம் கவிழும். வேகம் அடங்கியபின் மூக்கு எழும்பி, இடப்பக்கம் சாய்ந்து இறங்கும். அவள் கண்ணால் கண்டதற்கு அறிவியல் காரணம் இதுதான்.

இதையே வெளிநாடுகளில் ஒரு விளையாட்டாக வளர்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வால்டர் ஃபிரெடரிக் மாரிசன் என்பவரும் அவருடைய கூட்டாளியும் 1948-இல் பிளாஸ்டிக் பறக்கும் தட்டு செய்தார்கள். 1957-இல் வாம்-ஓ நிறுவனம் அவருடைய தட்டை விற்கத் தொடங்கியது. அதுவே ஃபிரிஸ்பீ ஆனது. எட் ஹெட்ரிக் அதன் மேற்பரப்பில் வட்ட வரிகளைச் சேர்த்துப் பறத்தலைச் சீராக்கி, 1967-இல் காப்புரிமை பெற்றார். தட்டை வீசிச் சங்கிலிக் கூடையில் விழச் செய்யும் டிஸ்க் கோல்ஃப் ஆட்டத்தை வளர்த்தவரும் அவரே. 1983-இல் விளிம்பைச் சரிவாகக் கூர்மைப்படுத்திய தட்டு வந்தபின் அந்த ஆட்டமே மாறிப்போனது. கூரிய, அகன்ற விளிம்பு காற்றைக் கிழித்துக்கொண்டு வெகுதூரம் போகும், ஆனால் வேகமாக வீசத் தெரிந்தவருக்கே அடங்கும். மழுங்கிய, ஆழமான விளிம்பு மெதுவாக, நேராகப் போகும். நம் பெயின்ட் மூடி இரண்டாவது வகை. ஃபிரிஸ்பீ வைத்து ஆடும் 'அல்டிமேட்' ஆட்டம் 1968-இல் நியூஜெர்சியின் ஒரு பள்ளியில் மாணவர்களே தொடங்கியது. நடுவர் இல்லாமல், ஆடுபவர்களே தவற்றை ஒப்புக்கொண்டு ஆடும் ஆட்டம் அது. நம் பெசன்ட் நகர் கடற்கரையிலும் ஆடுகிறார்கள்.

அடுத்தது பிளாஸ்டிக். ஏழாம் வகுப்பின் பலபடி வேதியியலுக்கு இதைவிட நல்ல துணைக்கருவி கிடையாது. மூடியைத் திருப்பினால் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 2 என்றால் அடர்த்தி மிகு பாலிஎத்திலீன், 5 என்றால் பாலிபுரொப்பிலீன். டிஸ்க் கோல்ஃப் தட்டுகளில் மலிவானவை பெரும்பாலும் பாலிஎத்திலீன் கலவைகள். கைக்கு நன்றாகப் பிடிமானம் தரும், ஆனால் மரத்திலும் கல்லிலும் மோதிச் சீக்கிரம் நசுங்கும். விளிம்பு நசுங்கிய தட்டு, நாள்பட வலப்பக்கம் கவிழும் குணத்தைப் பெறும். விலை கூடியவை பாலியூரிதேன் வகை, அடி தாங்கும். ஒரே அச்சில் வார்த்தாலும் ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் குளிரும்போது ஒவ்வோர் அளவில் சுருங்கும். ஒன்றின் முதுகு சற்று மேடாகும், மற்றது தட்டையாகும். பறக்கும் விதமும் மாறும். அச்சு ஒன்று, தட்டு வேறு.

எங்கள் பிள்ளைகளுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. பாலியூரிதேனுக்கு மூலப்பொருளான பாலியால்களை நம் பக்கத்து மணலியில் தயாரிக்கிறார்கள். அங்கே ஒப்பந்த வேலைக்குப் போகும் தந்தையர் பலர். ஆலையின் வாடையைத் தினமும் முகரும் குழந்தைக்கு, உள்ளே என்ன செய்கிறார்கள் என்று வகுப்பில் யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் குடம் ஏன் வெளுத்து விரிசல் விடுகிறது என்று கேட்டேன். தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லோரும் கை தூக்கினார்கள். புற ஊதாக்கதிர் பலபடிச் சங்கிலியை அறுக்கிறது என்று சொன்னபோது அது பாடமாகத் தோன்றவில்லை, வீட்டு விஷயமாக இருந்தது.

அந்த மாணவி காலாண்டுத் தேர்வில் அறிவியலில் 41 எடுத்தாள். அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. ஆனால் இப்போது கேள்வி கேட்கிறாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் கேட்கிறார்கள். பதிவேட்டில் நான் எழுதிய வரியை மாற்றி, 'கூர்ந்து கவனிப்பவள்' என்று எழுதினேன். கூடுதல் முயற்சி தேவைப்பட்டது எனக்குத்தான்.

ஆசிரியப் பெருமக்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை கடைசி வரிசையிலிருந்து ஒரு கேள்வி வந்து, உங்களிடம் பதில் இல்லையென்றால், 'பரீட்சைக்கு வராது' என்று சொல்லாதீர்கள். 'எனக்குத் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்லுங்கள். சொன்னபடி பார்த்தும் சொல்லுங்கள்.

மூடியை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன். தேநீர் இடைவேளையில் மைதானத்தில் வீசிப் பாருங்கள். காற்று எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.