ஓ குரூப் என்று எழுதியிருந்தாலும்...
(மும்பையில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

சாப்பாட்டுக்கு இலை போடுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

என் மன்னியின் பிரசவத்தின்போது ரத்தம் தேவைப்பட்டது. ரிப்போர்ட்டில் ஓ பாசிட்டிவ். ஆத்தில் நாலு பேர் அதே குரூப், கவலையில்லை என்றிருந்தோம். ஒருவர் ரத்தமும் சேரவில்லை. மறுபடி சோதித்ததில் 'பம்பாய் குரூப்' என்றார்கள். 1952-ல் டாக்டர் பெண்டேயும் சகாக்களும் இந்த ஊரில் கண்டறிந்தது. ஓ ரத்தத்தில் இருக்கும் ஹெச் ஆன்டிஜென்கூட இதில் கிடையாது. நம் தேசத்தில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்குத்தான் உண்டு. இன்னொரு பம்பாய் குரூப்காரர்தான் அவருக்குக் கொடுக்க முடியும்.

நாசிக்கிலிருந்து ராத்திரி பஸ்ஸில் ஒரு மராட்டியப் பிள்ளை வந்து கொடுத்தான். காபி மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டான்.

உடன்பிறந்தவர்களுக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்று டாக்டர் சொன்னார். உறவில் கல்யாணம் செய்த குடும்பங்களில் இது அதிகம் தென்படும் (நமக்குத் தெரியாததா!). மன்னியின் தம்பிக்கும் அதே குரூப். அவன் பெயரைப் பதிந்து வைத்திருக்கிறான், முகாம்களில் கொடுப்பதில்லை. சிவப்பணுக்கள் 35 முதல் 42 நாள்தான் தாங்கும், வீணாகக் கூடாதே. கூப்பிட்டால் ஓடுவான்.

மற்றவர்கள் 18 வயதிலிருந்து 65 வரை, ஆண்கள் மூன்று மாதத்துக்கொரு முறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கொரு முறையும் தாராளமாகக் கொடுக்கலாம்.

நம் டைரக்டரியில் கோத்திரம், நட்சத்திரம் எல்லாம் அச்சாகிறது. ரத்த குரூப்புக்கும் ஒரு கட்டம் வேண்டும். ஓ என்றிருப்பவர்கள் ஹெச் பரிசோதனையும் ஒருமுறை செய்துகொண்டு எழுதிக் கொடுங்கள். படிவம் வாசலில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறேன்.